கலைக்கூடத்து வாசலில் கேட்கிற கேள்விகள்

கோவைப் பக்கம் ஒரு பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில், வருகைப் பதிவேடு இருக்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். ஓவியம், சிற்பம், அச்சோவியம், காணொலி, தரையில் பரப்பி வைத்த ஏதோ ஒன்று என்று காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும். பார்க்க வருபவர்களின் சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் அவற்றைக் கேட்டவர் வாய்ச்சொல்லாகவே குறித்து வைத்தேன். பதில்கள் என்னுடையவை. ஓவியர்களையும் பேராசிரியர்களையும் கேட்டால் வேறு மாதிரி சொல்லலாம்.

ஏனுங்க, உள்ள வாறதுக்கு டிக்கெட் எவ்வளவு? வெளியாளுகள விடுவாங்களா?

டிக்கெட் கிடையாது. மாணவர் அடையாள அட்டையும் வேண்டாம். மெயின் கேட்டில் காவலர் கேட்டால் ‘கலைக்கூடத்துக்கு’ என்று சொல்லி, வண்டி எண்ணை எழுதிவிட்டு வரலாம். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. பாதிப் பேர் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள், நானும் தடுப்பதில்லை. முதுகுப் பையை மட்டும் என் மேசையில் வைத்துவிடுங்கள். பையோடு சட்டென்று திரும்பும்போதுதான் பீடத்தில் இருப்பவை சாய்கின்றன.

மாடர்ன் ஆர்ட்டுங்கறாங்க, சமகாலக் கலைங்கறாங்க. ரெண்டும் ஒண்ணுங்களா?

நம் பேச்சில் புரியாத படம் எல்லாமே மாடர்ன் ஆர்ட்தான். கலை வரலாற்றில் இரண்டும் வேறு. நவீனம் என்பது ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் தொடங்கி, 1960களை ஒட்டி ஓய்ந்துபோன காலகட்டம். அதன் பிறகு வந்தது, அதிலும் இப்போது உயிரோடு இருப்பவர்கள் செய்வது, சமகாலக் கலை. வரப்பு போட்டுப் பிரித்ததுபோல இல்லை, ஒன்றுக்குள் ஒன்று கலந்துதான் கிடக்கிறது.

நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். கே.சி.எஸ். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1966இல் சென்னைக்குத் தெற்கே கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர். 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்று ஒரு வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம்போலவும் கணக்கு நோட்டுபோலவும் படம் முழுக்க எழுத்து ஓடும். வாசிக்கப் போனால் வாசிக்க வராது. அது நவீனம். இன்றைக்கு ஒருவர் அதே கட்டத்தை எல்இடி பலகையில் ஓடவிட்டால் அது சமகாலம். பணிக்கர் பிறந்தது இந்த ஊர் என்று சொன்னால், கிளம்பப் போனவர்கள்கூட ‘நம்மூருங்களா!’ என்று நின்றுவிடுகிறார்கள்.

எனக்கு ஒண்ணுமே புரியலீங்களே. படிக்காதவங்க இதப் பாத்து என்ன பண்றது?

‘என்ன அர்த்தம்’ என்று தொடங்கினால் எனக்கும் புரியாது. ‘எதுல செஞ்சாங்க, எப்படிச் செஞ்சாங்க’ என்று தொடங்குங்கள். தறியும் பட்டறையும் தோட்டமுமாக வாழ்கிற இந்தப் பக்கத்து ஆட்கள் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தான். கலைக்கூடத்துக்குள் வந்ததும் என்னவோ அதை வாசலிலேயே விட்டுவிட்டு, பரீட்சை எழுத வந்தவர்கள்போல நிற்கிறார்கள்.

ஒருமுறை கூரையிலிருந்து நூல் கற்றைகளைத் தொங்கவிட்ட படைப்பு ஒன்று வந்திருந்தது. பேத்தியைப் பட்டப்படிப்பில் சேர்க்க வந்த பெரியவர் ஒருவர், மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார். பவானிப் பக்கம் குழித்தறியில் ஜமக்காளம் நெய்தவர். முன்னால் நிற்காமல் நேரே பின்பக்கம் போய்ப் பார்த்தார். “பாவு ஓட்டியிருக்காங்க, ஊடை போடவே இல்லீங்க. நெய்யறதுக்கு முன்னாலயே நிறுத்திப்போட்டாங்க” என்றார். சுவரில் ஒட்டியிருந்த நீண்ட குறிப்பு சொல்ல வந்ததும் அதுதான், வேலை நின்றுபோன தறிகள். அவர் அந்தக் குறிப்பை வாசிக்கவே இல்லை.

பெங்களூருவில் வாழும் ஷீலா கவுடா 1998இல் செய்த படைப்பு ஒன்று உண்டு. ஊசிகளில் நூல் கோத்து, நூறு மீட்டருக்கு மேல் நீளும் அந்த நூல்களைக் குங்குமம் சேர்த்து ஒட்டிக் கயிறாக்கியிருப்பார். கயிற்றின் முனையில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். அதன் படத்தைத் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிற அக்கா ஒருவரிடம் காட்டினேன். “எத்தனை நாளாச்சுதாம்? கை என்னத்துக்காயிருக்கும்!” என்றார். வீட்டுக்குள் கணக்கில் வராமல் போகும் பெண்களின் உழைப்பையும் வலியையும் பற்றி அந்தக் கயிற்றை முன்வைத்து நிறைய எழுதியிருக்கிறார்கள். அந்த அக்கா ஒரே மூச்சில் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இன்னொன்று, எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. ஒன்றின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றாலே போதும். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லைதான்.

இத என்ற பொண்ணே வரைஞ்சுருவா. இதப்போயி கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்க?

வரையலாம். கூட்டி வாருங்கள், தாளும் கலரும் தருகிறோம். குழந்தை வரைந்துவிட்டுப் போய்விடும். எதை வைத்துக்கொள்வது, எதைக் கிழிப்பது, எந்த இடத்தில் நிறுத்துவது என்கிற முடிவெல்லாம் அதற்குத் தேவையில்லை. ஓவியருக்கு அதுதான் பாதி வேலை.

கே.எம். ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்திக் கோட்டோவியங்களைப் பாருங்கள். கருப்பு மை, அவசரமாக இழுத்ததுபோலக் கோடுகள். மையில் போட்ட கோட்டை அழித்துவிட்டு மறுபடி போட முடியாது. அதே கைதான் எத்தனையோ தமிழ்ப் புத்தக அட்டைகளுக்கு எழுத்து வரைந்தது. நீங்கள் அவர் பெயர் தெரியாமலே அவரைப் பார்த்திருப்பீர்கள்.

கடைல விக்கற சாமானக் கொண்டாந்து வெச்சா அது எப்படீங்க கலையாகும்?

இந்தச் சண்டை 1917இல் நியூயார்க்கில் தொடங்கியது. மார்செல் துஷாம்ப் என்ற பிரெஞ்சுக்காரர், கடையில் விற்கும் பீங்கான் சிறுநீர்த் தொட்டி ஒன்றை வாங்கிப் படுக்க வைத்து, ‘ஆர். மட்’ என்று வேறு பெயரில் கையெழுத்துப் போட்டு, ‘நீரூற்று’ என்று தலைப்பிட்டு ஒரு கலைஞர் சங்கத்தின் கண்காட்சிக்கு அனுப்பினார். கட்டணம் கட்டிய எவர் படைப்பையும் வைப்போம் என்று அறிவித்திருந்த சங்கம் அது. இதை மட்டும் வைக்க மறுத்தது. அந்தத் தொட்டி பிறகு காணாமலே போய்விட்டது. ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த புகைப்படம் மட்டும் தங்கியது. இன்று அருங்காட்சியகங்களில் இருப்பவை, பெரும்பாலும் 1964இல் துஷாம்ப் சம்மதத்தோடு செய்த நகல்கள்.

நமக்கு இது ஒன்றும் அவ்வளவு அந்நியமான விஷயம் இல்லை. ஆயுத பூஜையன்று எந்தப் பட்டறைக்கும் போய்ப் பாருங்கள். வருஷம் பூராவும் எண்ணெயும் அழுக்குமாக ஓடிய லேத்தைத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டிருப்பார்கள். ஸ்பேனர்கள் வரிசையாக வாழையிலையில் இருக்கும். சாமான் அதேதான். அன்றைக்கு அதை எடுத்து வேலை செய்ய மாட்டோம், நின்று பார்ப்போம். கும்பிடுவது வேறு, கலையாகப் பார்ப்பது வேறு என்று நீங்கள் சொன்னால் சரிதான். ஆனால் வேலையிலிருந்து விலக்கி வைத்ததும் ஒரு சாமான் வேறொன்றாகத் தெரிகிற அந்த இடம் இரண்டுக்கும் பொது. துஷாம்ப் செய்த வேடிக்கை ஒருமுறைதான் செல்லும். நூறு வருஷம் கழித்தும் அதையே செய்துகொண்டு வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.

வாழப்பழத்த டேப் போட்டு ஒட்டி கோடிக்கணக்குல வித்தாங்களாமே, நெசமுங்களா?

நிஜம்தான். இத்தாலியரான மவுரிட்சியோ கட்டெலான் 2019இல் அமெரிக்காவின் மயாமி கலைச் சந்தையில் வைத்தது அது. அப்போது விலை 1,20,000 டாலர். அதன் ஒரு பிரதி 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 62 லட்சம் டாலருக்குப் போனது. வாங்கியவர் பழத்தை எல்லோர் முன்னாலும் உரித்துத் தின்றார். அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. விற்றது பழத்தை அல்ல, எந்த உயரத்தில் எப்படி ஒட்டுவது என்ற குறிப்பையும் சான்றிதழையும். பழம் அழுகினால் வேறு பழம். அந்த ஏலப் பழம் தெருவோரக் கடையில் 35 சென்ட்டுக்கு வாங்கியது.

என் கருத்தைக் கேட்டால், முதல்முறை நல்ல கிண்டல். அந்த விலை கலையின் கணக்கு இல்லை, பணம் வைத்திருப்பவர்களின் கணக்கு. எங்கள் கூடத்துக்கும் அந்த உலகத்துக்கும் சம்பந்தம் கிடையாது. மேட்டுப்பாளையத்தில் வாழை போட்டிருக்கிற ஒருவர் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கவே இல்லை. அந்த வாரம் தார் என்ன விலைக்குப் போனது என்று மட்டும் சொன்னார்.

தொட்டுப் பாத்தா என்னங்க கெட்டுப்போகுது?

கை வியர்வையிலும் எண்ணெய்ப் பசையிலும் உப்பும் அமிலமும் இருக்கின்றன. தாளில் கறையாகப் பழுக்கும், உலோகத்தில் விரல் ரேகை அரித்து நிற்கும். ஒருவர் தொட்டால் தெரியாது, ஆயிரம் பேர் தொட்டால் தெரியும். திருப்பூர்க்காரர்கள்தான் எனக்குப் பெரிய சவால். துணியில் செய்த எதைக் கண்டாலும், நினைக்கும் முன்பே இரு விரல் போய் ஜிஎஸ்எம், அதாவது துணியின் கனம், பார்த்துவிடும். தொடலாம் என்று எழுதி வைத்திருப்பதை நன்றாகவே தொடுங்கள்.

இப்பிடி இருட்டா வெச்சிருக்கீங்களே, கரண்ட் மிச்சம் புடிக்கறீங்களா?

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். தாள், நீர்வண்ணம், துணி இவற்றுக்கு 50 லக்ஸ்தான் உலக வழக்கம். எண்ணெய் ஓவியத்துக்கு 150 முதல் 200 வரை போகலாம். வெளியே உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும், அதிலிருந்து வந்தவுடன் கண்ணுக்கு இருட்டாகத்தான் இருக்கும். இரண்டு நிமிஷம் என் மேசையருகே நின்றுவிட்டு உள்ளே போங்கள். வெளிச்சத்தால் வெளுத்த சாயம் திரும்பி வராது. ஜன்னலுக்கு எதிரே மாட்டிய கல்யாண போட்டோ உங்கள் வீட்டிலும் இருக்கும், அதைப் பார்த்தாலே தெரியும்.

வெளிச்சத்தைவிட எங்களுக்குப் பெரிய தொல்லை ஈரம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வரும்போது சட்டத்துக்குள்ளேயே தாள் அலையலையாக நெளிந்துவிடும். அந்த மாதங்களில் அச்சோவியக் காட்சி வைக்காதீர்கள் என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன்.

போட்டோ எடுத்து ரீல்ஸ் போடலாமுங்களா?

ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம், வேண்டாமென்று கலைஞர் எழுதி வைத்ததை எடுக்கக் கூடாது. போடும்போது கலைஞர் பெயரைப் போடுங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படைப்பின் உரிமை கலைஞர் வாழும் காலமும் அதன் பிறகு 60 ஆண்டுகளும் அவரிடமும் வாரிசுகளிடமும் இருக்கும். ரீல்ஸுக்காக யாரும் வழக்குப் போட்டதை நான் பார்த்ததில்லை. ஆனால் படத்தை எடுத்துப் போய் டி-ஷர்ட்டில் அச்சடித்தால் கதை வேறு. இந்த ஊரில் அது ஒரே நாளில் ஆகிற காரியம் என்பதால் சொல்லி வைக்கிறேன். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிற்பத்தைப் படமெடுத்து வெளியிட மட்டும் சட்டமே இடம் தருகிறது. வளாகத்து வேப்பமரத்தடிக் கருங்கல் சிலையோடு தாராளமாக நின்று எடுத்துக்கொள்ளலாம்.

வெல போட்டு வெக்கலியே, வாங்கறதுன்னா எப்படீங்க?

இது விற்பனைக் கூடமில்லை. பிடித்திருந்தால் சொல்லுங்கள், கலைஞரின் எண்ணை அவரைக் கேட்டுத் தருவோம். கமிஷன் கிடையாது. கையில் காசு கம்மி என்றால் அச்சோவியம் வாங்கலாம். ஓரத்தில் பென்சிலால் 3/10 என்று இருந்தால், பத்துப் பிரதிகளில் மூன்றாவது என்று அர்த்தம். அதை நகல் என்று நினைத்து விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். தகட்டிலோ கட்டையிலோ செதுக்கிக் கையால் ஒற்றி எடுத்தது, பத்துமே மூலம்தான். கையெழுத்திட்ட சீட்டு ஒன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

படத்தை வாங்கினால் சுவரில் மாட்டும் உரிமைதான் உங்களுக்கு. காலண்டர் போடும் உரிமை சேர்ந்து வராது. முந்தைய பதிலில் சொன்ன சட்டம் இங்கேயும் உண்டு.

கியூரேட்டர்னு பேரு போட்டிருக்குது. அவிங்க வரையலீங்களே, அவிங்களுக்கு என்ன வேலை?

கொங்கு வெள்ளாளர் கல்யாணத்தில் அருமைக்காரர் இருப்பார் அல்லவா? மாப்பிள்ளையும் அவரில்லை, பெண்ணைப் பெற்றவரும் அவரில்லை. எந்தச் சீருக்குப் பின் எது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் இல்லாமல் தாலி கட்ட மாட்டார்கள். கியூரேட்டர் ஏறக்குறைய அந்த இடம். எதன் பக்கத்தில் எது, எது முதல் அறையில், எதை விட்டுவிடுவது என்பதெல்லாம் அவர் முடிவு.

மிச்சம் முழுக்கக் கூலி வேலை மாதிரிதான். வந்த படத்தில் ஏற்கெனவே கீறல் இருந்ததா என்று குறித்து வைப்பது, வண்டி பேசுவது, காப்பீடு, குறிப்பட்டை எழுதுவது. படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அங்குலத்தில் வருமாறு மாட்டுவது பல கூடங்களில் வழக்கம், நிற்பவர் கண்மட்டத்துக்கு அது சரியாக வரும். எங்களிடம் ஆணி அடிப்பவர் கட்டட வேலைக்காரர். ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, “படம் சரியாத்தான் இருக்குது, செவுருதான் கோணலுங்க” என்றார். உண்மை.

செவுத்துல எழுதியிருக்கறதப் படிச்சா இன்னும் கொழம்புதுங்களே?

தப்பு எங்களுடையது. இங்கிலீஷில் ஒருவர் எழுதி, அதை இன்னொருவர் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஒட்டுகிறோம். முதலில் படைப்பைப் பாருங்கள், குறிப்பைக் கடைசியாகப் படியுங்கள்.

துணியில்லாத படம் வெப்பீங்களாமே, கொழந்தைகளக் கூட்டியாரலாமா?

அப்படி இருந்தால் அந்த அறை வாசலிலேயே எழுதி வைப்போம். முடிவு உங்களுடையது. நம் சிவன் கோயில்களில் பிட்சாடனரை, அதாவது பிச்சையெடுக்கும் கோலத்துச் சிவனை, உடையில்லாமல்தான் செதுக்கியிருக்கிறார்கள். குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அதன் முன்னாலேயே நின்று திருநீறு பூசிக்கொள்கிறோம். நிர்வாண ஓவியத்துக்காக ஓவியர் எம்.எஃப். உசேன் மீது போட்ட வழக்குகளை 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, நிர்வாணம் மட்டுமே ஆபாசம் ஆகிவிடாது என்றது. இதையெல்லாம் சொன்னாலும் சில அப்பாக்கள் மகளின் கண்ணை மூடிக்கொண்டு வேகமாக அழைத்துப் போகிறார்கள். நான் வாதாடுவதில்லை.

நொய்யல்ல சாயத்தண்ணி கலந்தது மாதிரி நம்மூர்ப் பிரச்சனைய வெச்சா, யூனிவர்சிட்டில வுடுவாங்களா?

வைத்திருக்கிறார்கள். நொய்யல் ஆறு இந்தப் பக்கத்துக் கலைஞர்கள் திரும்பத் திரும்ப வரும் இடம். அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியதும், சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நேற்று நடந்ததுபோல இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. இதில் சிக்கல் என்னவென்றால், பார்க்க வருகிறவர்களில் நிலம் பாழானவரும் இருப்பார், அன்றைக்குப் பட்டறை மூடி வேலை போனவரும் இருப்பார். இரண்டு பேரும் அடுத்தடுத்து என் பதிவேட்டில் எழுதியிருக்கிறார்கள்.

தடையே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். எழுத்தில் தடை வராது. ‘திறப்பு விழா மட்டும் முடியட்டுங்க’ என்று போன் வரும். வேறொரு கூடத்தில் நான் வேலை பார்த்தபோது, தலைமை விருந்தினர் வந்து போகும்வரை ஒரு படைப்பின் மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தி வைத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்த வேட்டியைத்தான் பார்த்தார்கள். கலைஞர் மறுநாளும் அதை எடுக்க விடவில்லை, படைப்பின் பகுதியாகவே வைத்துக்கொண்டார்.

காட்சி முடிஞ்சா அந்தத் தரைல கெடக்கறதெல்லாம் என்ன பண்ணுவீங்க? குப்பைன்னு கூட்டிப்போட்டா?

கூட்டிப்போட்டதும் உண்டு, நல்லவேளை இங்கே இல்லை. 2015இல் இத்தாலியின் போல்சானோ அருங்காட்சியகத்தில் காலிப் பாட்டிலும் காகிதத் துண்டுகளுமாக ஒரு விருந்து முடிந்த இடத்தைப் படைப்பாக வைத்திருந்தார்கள். துப்புரவுப் பணியாளர்கள் காலையில் அதைச் சுத்தமாகக் கூட்டி மூட்டை கட்டிவிட்டார்கள். நாங்கள் ஒவ்வொரு காட்சிக்கும் முந்தின நாள், கூட்டுகிற அக்காவைத்தான் முதலில் உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறோம். அவர்தான் எங்கள் முதல் பார்வையாளர். கேள்விகளும் அவருடையவைதான் கறாரானவை.

காட்சி முடிந்ததும் சிலது கலைஞரிடம் திரும்பும், சிலதை அவர் சொல்லியபடி கலைத்துவிடுவோம். அவரைக் கேட்காமல் கலைக்க முடியாது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லியில் அரசின் மாநாட்டு மண்டபமான விஞ்ஞான் பவனுக்குச் செய்த பெரிய சுவர்ச் சிற்பத்தை 1979இல் பிடுங்கிக் கிடங்கில் போட்டுவிட்டார்கள். அவர் வழக்காடினார். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சமிருந்ததை அவரிடமே கொடுக்கச் சொல்லி, 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. காசு கொடுத்து வாங்கியது அரசாங்கமே ஆனாலும், செய்தவருக்குப் படைப்பின் மேல் ஓர் உரிமை மிஞ்சுகிறது.

பையன் இதையே படிக்கறேங்கறான். சோத்துக்கு ஆகுமுங்களா?

அரசு கவின் கலைக் கல்லூரிகள் சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கின்றன. சென்னையில் இருப்பது 1850இல் தொடங்கியது. மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி. பட்டப்படிப்பு நான்கு வருஷம். படம் விற்றே வாழ்கிறவர்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். துணி அச்சு வடிவமைப்பு, அனிமேஷன், பள்ளி ஓவிய ஆசிரியர் என்று ஏதாவது ஒன்றில் கால் வைத்துக்கொண்டு, சாயங்காலம் சொந்த வேலை செய்கிறவர்கள்தான் எனக்குத் தெரிந்தவர்களில் அதிகம். திருப்பூர் பக்கத்தில் இருப்பது அந்த வகையில் நமக்கு ஒரு வசதி. பையனைக் கூட்டி வந்து, காட்சி வைத்திருக்கும் கலைஞரிடமே வாடகை எப்படிக் கட்டுகிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

நான் லேத் ஓட்டறனுங்க. கழிவா வர்ற இரும்புச் சுருள வெச்சு ஒண்ணு பண்ணி வெச்சிருக்கறேன். நானும் வெக்கலாமுங்களா?

வைக்கலாம். பட்டம் கேட்க மாட்டார்கள். செய்ததை நாலு பக்கமும் போட்டோ எடுத்து, நீளம், அகலம், உயரம், எடை எழுதி, என்ன செய்தீர்கள் என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தாருங்கள். கியூரேட்டரும் துறை ஆசிரியர்களும் சேர்ந்து பார்ப்பார்கள். ‘வேண்டாம்’ என்றும் சொல்லலாம், ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லுவார்கள்.

இரும்புச் சுருள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். கட்டிங் ஆயில் சொட்டாமல் கழுவிக் காயவைத்து, துரு பிடிக்காமல் இருக்க மேலே ஏதாவது பூசிக் கொண்டு வாருங்கள். துரு பிடிக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறீர்கள் என்றால் அதையும் எழுதிவிடுங்கள், அடியில் தட்டு வைக்க வேண்டும். ஓரம் கையைக் கிழிக்கும், அதனால் பீடத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவோம். முன்வாசல் குறுகல், நாலடிக்கு மேல் அகலமாக இருந்தால் நுழையாது. பின்பக்கம் கேன்டீனை ஒட்டிச் சரிவுப் பாதை இருக்கிறது, டாடா ஏஸ் உள்ளேயே வரும்.